டிக்கெட்டை மாற்றினால் முதலாளிக்குத் தெரியலாமா?

அம்பத்தூரில் ஒரு கம்பெனி. அதில் ஒரு எஞ்சினீயர். கம்பெனி வேலையாக டில்லிக்குப் போகிறார். திங்கட்கிழமை போவதற்கு ஒரு விமானம். வெள்ளிக்கிழமை இரவு திரும்புவதற்கு ஒரு விமானம். இரண்டுக்கும் டிக்கெட் வாங்கிக் கொடுத்தது கம்பெனி.

வியாழக்கிழமை மாலை. வீட்டிலிருந்து போன் வருகிறது.

"குழந்தைக்கு ஜுரம். உடம்பு அனலாய்க் கொதிக்குது. நீங்க எப்போ வர்றீங்க?"

எஞ்சினீயர் பதறிப் போகிறார். வந்த வேலை முடிந்துவிட்டது. மறுநாள் ஒரு விருந்து மட்டுமே பாக்கி. செல்போனை எடுக்கிறார். இரண்டு தட்டு, மூன்று தட்டு. வெள்ளிக்கிழமை டிக்கெட், வியாழக்கிழமை டிக்கெட் ஆகிவிட்டது. கூடுதல் பணத்தைத் தன் சொந்தக் கணக்கில் கட்டுகிறார். இரவோடு இரவாக வீடு வந்து சேர்ந்து, குழந்தையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்.

சனிக்கிழமை ஆபீசுக்குப் போகிறார். மானேஜர் கேட்கிறார்:

"என்ன சார், வியாழக்கிழமையே வந்துட்டீங்களாமே?"

எஞ்சினீயருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. இவரிடம் யார் சொன்னது?

இது நாம் சொல்லும் கற்பனைக் கதை. ஆனால் இதைப்போல் நம் ஊரில் தினமும் நடக்கிறது. ஒரு காலத்தில் ஆகாய விமானத்தில் போனவர்கள் பெரிய மனிதர்கள் மட்டுமே. இன்று அப்படி அல்ல. மெஷினைப் பழுது பார்க்கப் போகும் மெக்கானிக் விமானத்தில் போகிறார். மருந்துக் கம்பெனி விற்பனையாளர் போகிறார். கணக்குத் தணிக்கைக்குப் போகும் இளம் பெண்ணும் போகிறார். டிக்கெட் பணம் ஆபீஸ் பணம். பிரயாணம் செய்பவர் மனிதர். அந்த டிக்கெட்டை அவர் மாற்றினால், அது ஆபீசுக்குத் தெரியலாமா? எவ்வளவு தெரியலாம்? இதைப் பற்றி இன்று பேசுவோம்.

ஆறு எழுத்து மந்திரம்

முதலில், எப்படித் தெரிகிறது என்று பார்த்து விடுவோம்.

ரயில் டிக்கெட்டில் 'பி.என்.ஆர்.' நம்பர் என்று பத்து இலக்கம் இருக்கும். நமக்குத் தெரியும். விமான டிக்கெட்டிலும் அப்படி ஒன்று உண்டு. அதில் ஆறு எழுத்துக்கள்தான். ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து வரும்.

அந்த ஆறு எழுத்துக்குப் பின்னால் ஒரு முழு ஏடே இருக்கிறது. பிரயாணியின் பெயர், தேதி, விமானம், உட்காரும் இடம், போன் நம்பர், டிக்கெட் வாங்கிய ஏஜெண்டு, பணம் கட்டிய வகை எல்லாம் அதில் உண்டு. டிக்கெட்டை மாற்றினால் பழைய எழுத்து அழிந்து போவதில்லை. சிலேட்டில் எழுதி அழிப்பதுபோல் அல்ல இது. எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த இடத்திலிருந்து மாற்றப்பட்டது என்பதும் அதிலேயே பதிவாகி நிற்கும்.

இந்த ஏற்பாடு பிறந்த கதை சுவையானது. 1953-ம் ஆண்டு, லாஸ் ஏஞ்சல்சிலிருந்து நியூயார்க் போகும் விமானத்தில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவர் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியின் தலைவர். மற்றவர் ஐ.பி.எம். கம்பெனியின் விற்பனைக்காரர். இரண்டு பேருக்கும் பெயர் ஸ்மித்! பேச்சுக் கொடுத்தார்கள். டிக்கெட் பதிவை மெஷினிடம் விட்டால் என்ன என்ற யோசனை அந்தப் பேச்சில் முளைத்தது. அதுவே 'ஸாபர்' என்ற பதிவு முறையாக வளர்ந்து, 1964-ம் ஆண்டு முழு அளவில் ஓடத் தொடங்கியது. இன்றும் ஓடுகிறது. ஏஜெண்டுகள் கையாளும் பெரிய பதிவு வலைகளில் இன்று முக்கியமானவை மூன்று: ஸாபர், அமேடியஸ், டிராவல்போர்ட்.

அந்த நாளில் மனிதர் கையில் இருந்தது காகித டிக்கெட். தேதியை மாற்ற வேண்டுமானால் விமானக் கம்பெனியின் கவுண்டருக்குப் போக வேண்டும். குமாஸ்தா பழைய தேதியின் மேல் ஒரு சீட்டு ஒட்டிக் கொடுப்பார். ஊர் திரும்பி, டிக்கெட்டின் அடிச்சீட்டை ஆபீசில் கொடுக்கும் வரை முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. 2008-ம் ஆண்டு ஜூன் முதல் தேதியோடு உலக விமானக் கம்பெனிகளின் சங்கம் காகித டிக்கெட்டுக்கு முடிவு கட்டியது. சீட்டு ஒட்டும் வேலையும் போயிற்று. அதோடு, மாற்றியது யாருக்கும் தெரியாது என்ற நிம்மதியும் போயிற்று.

மூன்று வழி

நம் எஞ்சினீயர் கதைக்கு வருவோம். மானேஜருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

டிக்கெட்டை ஆபீஸ் ஒரு ஏஜெண்டு மூலம் வாங்கியிருந்தால், அந்தப் பதிவு ஏஜெண்டின் கம்ப்யூட்டரிலும் இருக்கும். பிரயாணி விமானக் கம்பெனியிடம் நேராக மாற்றினாலும், பல சமயம் ஏஜெண்டின் கம்ப்யூட்டருக்கு ஒரு செய்தி போய்விடும். ஏஜெண்டு அதை ஆபீசுக்குச் சொல்வார். பெரிய கம்பெனிகளில் ஏஜெண்டு வாய் திறந்து சொல்லவும் வேண்டாம். திரையிலேயே வந்துவிடும். 'இன்றைக்கு நம் ஆட்கள் யார் யார் எந்த விமானத்தில்' என்று பட்டியலே ஓடும்.

'பல சமயம்' என்றோம். 'எப்பொழுதும்' என்று சொல்லவில்லை. கவனியுங்கள். குறைந்த கட்டண விமானங்கள் பல தங்கள் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே டிக்கெட் விற்கின்றன. அங்கே மாற்றினால் ஏஜெண்டுக்குச் செய்தி வராமலே போகலாம். வந்தாலும் பாதிதான் வரலாம். விமானம் மாறியது தெரியும். கூடுதலாக எவ்வளவு கட்டினார், யார் கட்டினார் என்பது தெரியாது.

இரண்டாவது வழி, நம் நாட்டில் வரி கொண்டு வந்த வழி. ஆபீஸ் டிக்கெட் வாங்கும்போது தன் ஜி.எஸ்.டி. நம்பரைக் கொடுக்கும். கட்டிய வரியைத் தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள அது வேண்டும். டிக்கெட்டை மாற்றினால், மாற்றுக் கட்டணத்துக்கும் அதே நம்பரில் ரசீது விழும். அடுத்த மாதம் அது கம்பெனியின் ஜி.எஸ்.டி. கணக்கில் வந்து நிற்கும். பிரயாணி மறந்திருப்பார். கணக்குப் பிரிவுக்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இது என்ன ரசீது?" என்று கேட்பார்.

மூன்றாவது வழி பழைய வழி. விமானம் ஏறும் சீட்டு. பிரயாணப் படி கேட்டு எழுதிக் கொடுக்கும்போது அதையும் இணைக்கச் சொல்கிறார்கள். டிக்கெட்டில் வெள்ளி என்றும், ஏறும் சீட்டில் வியாழன் என்றும் இருந்தால், விஷயம் வெளியே வந்துவிடும்.

ஆகவே, "நான் மாற்றியது யாருக்குத் தெரியப் போகிறது?" என்று எண்ணுகிறவர் ஏமாந்து போவார். "என் ஆட்கள் எங்கே இருந்தாலும் எனக்குத் தெரியும்" என்று மார்தட்டும் முதலாளியும் ஏமாந்து போவார். இரண்டு பேருக்கும் பாதி பாதிதான் தெரியும். தகராறு அங்கேதான் பிறக்கிறது.

முதலாளி கேட்பதில் நியாயம் உண்டா?

உண்டு. பணம் அவருடையது.

ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் தன் கையிலிருந்து பணம் போட்டு, விலை கூடிய டிக்கெட் வாங்குகிறார். அந்தக் கணக்கைக் காட்டி ஆபீசில் பணம் வாங்கிக்கொள்கிறார். பிறகு அந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, விலை குறைந்த விமானத்தில் போகிறார். ரத்து செய்த பணம் எங்கே போகும்? எந்தக் கணக்கிலிருந்து கட்டினாரோ, அதே கணக்குக்குத் திரும்பி வரும். அதாவது அவர் பைக்கு! ஆபீஸ் கொடுத்தது ஒரு தொகை. செலவானது வேறு தொகை. நடுவில் உள்ளதை அவர் விழுங்கிவிட்டார். இதற்குத் திருட்டு என்றுதான் பெயர். வேறு நல்ல பெயர் நமக்குத் தெரியவில்லை.

பணத்துக்கு மட்டும் அல்ல, விமானக் கம்பெனிகள் தரும் 'மைல்' கணக்குக்கும் ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அடிக்கடி பறந்தால் மைல் சேரும். சேர்ந்தால் இலவச டிக்கெட் கிடைக்கும். அதற்காகவே விமானத்தை மாற்றிப் போகிறவர்களும் உண்டு. ஆபீஸ் செலவில் பறந்து சேர்த்த மைல் யாருக்குச் சொந்தம்? ஜெர்மனியில் 2002-ம் ஆண்டு ஜூலையில் இந்தக் கேள்வி பெரிய புயலைக் கிளப்பியது. அரசாங்க வேலையாகப் பறந்து சேர்த்த மைலைச் சொந்தப் பிரயாணத்துக்குப் பயன்படுத்தினார் என்று பெர்லின் மாகாண அமைச்சர் கிரெகோர் கீசி மீது புகார் எழுந்தது. அவர் பதவியை விட்டு விலகினார். நம் மத்திய சர்க்காரும், அரசுப் பிரயாணத்தில் சேரும் மைலை அந்த இலாகாவின் பிரயாணத்துக்கே செலவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

மத்திய சர்க்கார் 2022-ம் ஆண்டு ஜூனில் டிக்கெட் விஷயத்திலும் ஒரு உத்தரவு போட்டது. அரசு ஊழியர்கள் மூன்றே ஏஜெண்டுகள் மூலம் வாங்க வேண்டும்: பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. கூடியவரை 21 நாளுக்கு முன்பே வாங்க வேண்டும். ஒரு பிரயாணத்துக்கு ஒரே டிக்கெட்தான். 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் ஏன் என்று ஊழியரே எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதில் நமக்குப் பிடித்தது ஒன்று உண்டு. காரணத்தை ஊழியரே எழுதித் தரலாம். மேலதிகாரி துருவித் துருவி விசாரிக்க வேண்டும் என்று உத்தரவு சொல்லவில்லை. 21 நாள் விஷயம்தான் வேடிக்கை. மீட்டிங் இருப்பதே மூன்று நாளுக்கு முன்புதான் தெரிய வருகிறது. 21 நாளுக்கு முன்னால் டிக்கெட் வாங்க ஜோசியம் தெரிந்திருக்க வேண்டும்!

பணத்தைவிடப் பெரிய காரணம்

ஆனால் முதலாளிக்குத் தெரிய வேண்டும் என்று நாம் சொல்வதற்குப் பணம் முக்கியக் காரணம் அல்ல. உயிர்தான் காரணம்.

2010-ம் ஆண்டு ஏப்ரலில் ஐஸ்லாந்து நாட்டில் ஒரு எரிமலை பொங்கியது. அதன் பெயரைச் சொல்ல நமக்கு வாய் வராது. அதிலிருந்து கிளம்பிய சாம்பல் ஐரோப்பாவின் ஆகாயத்தை மூடியது. ஆறு நாட்களுக்கு விமானப் போக்குவரத்து ஏறக்குறைய நின்றே போயிற்று. சுமார் 1 லட்சம் விமானங்கள் ரத்தாயின. லண்டனில் சிக்கியவர்கள், பாரிசில் சிக்கியவர்கள் என்று உலகம் முழுவதும் கம்பெனிகள் தங்கள் ஆட்களைத் தேடின. பட்டியல் சரியாக இருந்தால்தான் ஆளை உடனே கண்டுபிடிக்க முடியும். ஒருவர் யாருக்கும் சொல்லாமல் டிக்கெட்டை மாற்றியிருந்தால்? அவர் இல்லாத ஊரில் அவரைத் தேடிக் கொண்டிருப்பார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் நாட்டிலேயே 2025 டிசம்பர் முதல் வாரம் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தர வேண்டும் என்று புது விதி வந்தது. அதற்கு ஏற்ப ஆட்களைத் திட்டமிடாததால் இண்டிகோ விமானங்கள் மளமளவென்று ரத்தாயின. டிசம்பர் 5-ம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல்! விமான நிலையங்களில் மலைபோல் பெட்டிகள். தரையில் படுத்த குடும்பங்கள். வேலையாகப் போன ஒருவர் அன்று என்ன செய்வார்? கிடைத்த வேறு விமானத்துக்கு மாறுவார். வேறு ஊருக்குப் பறந்து, அங்கிருந்து ரயிலைப் பிடிப்பார். அவர் எங்கே இருக்கிறார் என்று ஆபீசுக்குத் தெரிந்தால், ஒரு அறை பிடித்துக் கொடுக்கலாம், பணம் அனுப்பலாம். தெரியாவிட்டால் அவர் தனி ஆள்தான்.

விபத்து என்று வந்தால் என்ன ஆகும்? சொல்லவே நாக்குக் கூசுகிறது. ஆனாலும் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டும். விமானக் கம்பெனி தர வேண்டிய நஷ்டஈடு, பிரயாணி எதற்காகப் போனார் என்பதைப் பொறுத்தது அல்ல. முதலாளி தர வேண்டிய நஷ்டஈடு அப்படி அல்ல. வேலையின்போது, வேலையினால் நேர்ந்த விபத்துக்குத்தான் முதலாளி பொறுப்பு என்பது 1923-ம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்திலிருந்து வரும் விதி. வெள்ளிக்கிழமை முடிய வேண்டிய பிரயாணத்தை ஒருவர் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வேலையில் இருந்தாரா, சொந்தக் காரியத்தில் இருந்தாரா என்ற வழக்கு வரும். அந்த வழக்கை நடத்த அவர் இருக்க மாட்டார். அவர் மனைவிதான் கோர்ட்டுப் படி ஏற வேண்டும். மாற்றத்தை எழுதிச் சொல்லி, மானேஜர் 'சரி' என்று பதில் எழுதியிருந்தால், அந்த ஒரு வரி அந்த அம்மாள் கையில் ஆயுதமாக இருக்கும்.

தெரியக் கூடாதது எது?

ஆக, டிக்கெட் மாறியது ஆபீசுக்குத் தெரியத்தான் வேண்டும். இதில் நமக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால், அந்த ஆறு எழுத்து ஏட்டில் டிக்கெட் மட்டுமா இருக்கிறது?

சர்க்கரை நோய் உள்ளவர் அதற்கேற்ற சாப்பாடு கேட்கலாம். கேட்டால், 'டி.பி.எம்.எல்.' என்று நான்கு எழுத்து அந்த ஏட்டில் ஏறும். ஜைனர் சாப்பாட்டுக்கு ஒரு குறி, முஸ்லிம் சாப்பாட்டுக்கு ஒரு குறி. சக்கர நாற்காலி கேட்டால் அதற்கும் ஒரு குறி. கர்ப்பிணிப் பெண்கள் சில மாதங்களுக்கு மேல் பறக்க டாக்டர் சான்று காட்ட வேண்டும். மனைவியையும் குழந்தையையும் ஒரே பதிவில் சேர்த்து டிக்கெட் போட்டால் அவர்கள் பெயரும் வயதும் அங்கேயே இருக்கும்.

ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்பது மானேஜருக்கு ஏன் தெரிய வேண்டும்? ஆபீசில் இன்னும் யாரிடமும் சொல்லாத ஒரு பெண்ணின் கர்ப்பம், டிக்கெட் பட்டியலைப் பார்க்கும் குமாஸ்தாவுக்கு ஏன் தெரிய வேண்டும்? பதவி உயர்வுக்குப் பெயர் எழுதும் நாளில், "அந்த அம்மாவுக்கு இனி டூர் போக முடியாது" என்று ஒரு குரல் எழுந்தால், அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

அந்தரங்கம் ஒவ்வொருவருக்கும் அடிப்படை உரிமை என்று 2017-ம் ஆண்டு ஆகஸ்ட் 24-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள். 2023-ம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன.

அந்தச் சட்டத்தின் 7-வது பிரிவைத் தொழிலாளர்கள் அவசியம் அறிய வேண்டும். வேலை சம்பந்தமான காரியத்துக்காகவும், முதலாளிக்கு நஷ்டம் வராமல் காப்பதற்காகவும் ஊழியரின் தகவலை அவர் சம்மதம் இல்லாமலே முதலாளி கையாளலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. கதவு கொஞ்சம் அகலமாகத்தான் திறந்திருக்கிறது. டிக்கெட் மாறியதைத் தெரிந்துகொள்வது அந்தக் கதவு வழியாக நுழையும். சந்தேகம் இல்லை. சாப்பாட்டுக் குறியும் சக்கர நாற்காலியும் நுழையலாமா? நுழையக் கூடாது என்பது நம் கட்சி. நஷ்டத்துக்கும் சர்க்கரை நோய்ச் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

காரணம் கேட்பதிலும் ஒரு எல்லை வேண்டும். "சொந்த வேலை" என்று இரண்டு சொல் எழுதினால், கூடுதல் பணத்தை அவரே கட்டியும் இருந்தால், அதோடு விட வேண்டும். "என்ன சொந்த வேலை? யாரைப் பார்த்தீர்கள்? எங்கே தங்கினீர்கள்?" என்று கேட்பது கணக்குப் பார்ப்பது ஆகாது. வம்பு பேசுவது ஆகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாலை ஐந்து மணிக்கு முடிய வேண்டிய மீட்டிங்கை எட்டு மணி வரை இழுப்பது யார்? பெரும்பாலும் பெரிய அதிகாரிதான். ஐந்தரை மணி விமானம் போய்விடும். புது டிக்கெட்டுக்குப் பணம் கூடும். மாதக் கடைசியில் 'யார் யார் எத்தனை முறை டிக்கெட்டை மாற்றினார்கள்' என்று பட்டியல் வரும்போது, அதில் அந்த ஏழைச் சிப்பந்தியின் பெயர்தான் முதலில் இருக்கும். அதிகாரி மாற்றினால் அவசர வேலை. சிப்பந்தி மாற்றினால் ஊதாரித்தனம்! பட்டியல் எண்ணிக்கையைத்தான் சொல்லும். காரணத்தைச் சொல்லாது. அதைப் பார்த்துச் சம்பள உயர்வை நிறுத்தும் முதலாளி, தராசில் ஒரு தட்டை மட்டும் வைத்துக்கொண்டு நிறுக்கிறார்.

என்ன செய்யலாம்?

எஞ்சினீயருக்கு ஏன் தூக்கிவாரிப் போட்டது? மானேஜருக்குத் தெரிந்துவிட்டதால் அல்ல. மானேஜருக்குத் தெரியும் என்பது தனக்குத் தெரியாததால். மாற்றியதும் அவரே ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால், சனிக்கிழமை கேள்வி "குழந்தை எப்படி இருக்கிறது?" என்று மாறியிருக்கும்.

அந்த வரியை எழுத அவருக்குப் பயம் இல்லாமல் செய்வது கம்பெனியின் பொறுப்பு. டூர் போகும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் கொடுக்கட்டும். ஒரு பக்கம் போதும். ஆங்கிலம் வராதவருக்குத் தமிழில் இருக்கட்டும். நீங்கள் டிக்கெட்டை மாற்றினால் இன்னது எங்களுக்குத் தெரியும், இன்னது தெரியாது, அதை இன்னார் மட்டும் பார்ப்பார் என்று அதில் எழுதியிருக்கட்டும். ஆபீசுக்குச் செய்தி போகும் அதே நிமிஷத்தில், "உங்கள் டிக்கெட் மாறியது ஆபீசுக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று பிரயாணிக்கும் ஒரு செய்தி வரட்டும். செல்போன் காலத்தில் இது பெரிய வேலை அல்ல. டிக்கெட்டை ஆபீசே பணம் கட்டி வாங்கட்டும். ரத்தானால் பணம் ஆபீசுக்கே திரும்பும். திருடுகிறவனுக்கு வழி அடைபடும். யோக்கியனும் தன் கைப்பணத்தைப் போட்டுவிட்டு, படி வரும் நாளை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

பிரயாணம் போகிறவர்களுக்கும் சில வார்த்தைகள். டிக்கெட்டை ஏஜெண்டு மூலமே மாற்றுங்கள். அவசரத்தில் நேராக மாற்றினால், ஏஜெண்டுக்கும் ஆபீசுக்கும் உடனே சொல்லிவிடுங்கள். போகும் விமானத்தை மட்டும் விட்டுவிட்டு, 'திரும்பும் டிக்கெட் இருக்கிறதே' என்று இருந்துவிடாதீர்கள். ஒரே பதிவில் வாங்கிய டிக்கெட்டில் முதல் பாதிக்கு ஆள் வராவிட்டால், மறு பாதியையும் விமானக் கம்பெனி ரத்து செய்துவிடக்கூடும். சொந்தக் காரியத்துக்காக இரண்டு நாள் கூடத் தங்குகிறீர்களா? பழைய தேதிக்கு டிக்கெட் என்ன விலை, புது தேதிக்கு என்ன விலை என்று அன்றைக்கே குறித்து வையுங்கள். நாளைக்குப் பேச்சு வந்தால் அதுதான் சாட்சி. குடும்பத்தைக் கூட அழைத்துப் போனால் அவர்கள் டிக்கெட்டைத் தனிப் பதிவாக வாங்குங்கள். உங்கள் குழந்தையின் வயது ஆபீஸ் ஏட்டில் ஏற வேண்டியதில்லை.

நாம் சொன்ன அந்தத் தாளில், அடியில் ஒரு கோடு போட்டு, 'வீட்டுப் போன் நம்பர்' என்று ஒரு இடம் விட வேண்டும். விமானம் மாறினால் அந்த நம்பருக்கும் செய்தி போக வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பிரயாணியே எழுதிக் கொடுக்கட்டும். இன்று பல வீடுகளில், "அவர் டில்லிக்குப் போயிருக்கார்" என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. ஆபீஸ் திரையில் ஓடும் பட்டியல் அந்த வீட்டுத் திண்ணைக்கு வருவதில்லை. டி.வி.யில் விமானச் செய்தி வந்த இரவுகளில், போனைக் கையில் பிடித்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தவர்கள் நம் வாசகர்களிலும் இருப்பார்கள்.